சின்ன கேம்ப்பர் வண்டிக்கு ஃபைபர் கூரை: ஒழுகாமல் பொருத்துவது எப்படி?

காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் சின்னப் படுக்கை வண்டி ஒன்றைச் சொந்தமாகச் செய்ய நினைக்கிறீர்களா? ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர் என்றால் உங்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மோட்டாரும் ஓசூரில் உற்பத்தியைத் தொடங்கின. அன்றிலிருந்து வெல்டிங், லேத், ஷீட் மெட்டல் வேலை தெரிந்த கைகளுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. அடிச்சட்டம், அச்சு, சக்கரம் என்று எதைக் கேட்டாலும் செய்து தருவார்கள். பலரும் தடுமாறுகிற இடம் கூரைதான்.

கூரைக்கு ஃபைபர் நல்ல பொருள். ஆனால் பொருத்துகிற விதம் தப்பினால், முதல் மழைக்காலத்திலேயே கீழே இருக்கும் பிளைவுட் ஊறி உப்பிவிடும். ஒன்றை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஃபைபர் கூரை நடுவில் ஒழுகுவது அபூர்வம். ஓரத்திலும், ஸ்க்ரூ துளையிலும், இணைப்பிலும்தான் ஒழுகும். அந்த மூன்று இடங்களை எப்படிக் காப்பது என்பதுதான் இங்கே விஷயம்.

எந்த வண்டியைப் பற்றிச் சொல்கிறோம்?

'டியர்டிராப்' என்று அழைக்கப்படும் சிறிய டிரெய்லர் (இன்னொரு வண்டி இழுத்துச் செல்லும் வண்டி). பக்கவாட்டில் பார்த்தால் நீர்த்துளி வடிவம். முன்பக்கம் உருண்டிருக்கும், பின்பக்கம் சரிந்து இறங்கும். உள்ளே இருவர் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் அடுப்பு வைக்கும் மேடை. 1930-களில் அமெரிக்காவில் பரவிய வடிவம் இது. வீட்டிலேயே செய்துகொள்வதற்கான வரைபடங்களை அங்குள்ள கைவினை இதழ்கள் அப்போதே வெளியிட்டன.

நம் பக்கத்திலும் இந்த ஆர்வம் இருக்கிறது. நாமக்கல்லைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அருண் பிரபு, ஒரு சரக்கு ஆட்டோவின் மேல் 36 சதுர அடியில், ஏறத்தாழ ஒரு லட்ச ரூபாய் செலவில் ஒரு நடமாடும் வீட்டைச் செய்தார். 2021-இல் ஆனந்த் மஹிந்திரா அதைப் பாராட்டி எழுதியபோது நாடு முழுவதும் பேசப்பட்டது. சிறிய இடம், குறைந்த எடை, கைக்கு எட்டும் பொருட்கள் என்ற மூன்றும் உங்கள் வண்டிக்கும் பொருந்தும்.

வேலையை ஆரம்பிக்கும் முன்: இதை ரோட்டில் இழுத்துப் போக முடியுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்ட பிறகே பணத்தை எடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம், 1988 டிரெய்லரையும் தனி வாகனமாகவே பார்க்கிறது. பதிவு இல்லாமல் எந்த வாகனத்தையும் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது என்று பிரிவு 39 சொல்கிறது. பட்டறையில் செய்த அடிச்சட்டத்துக்குப் பதிவு வாங்குவது எளிதல்ல. ஒப்புதல் பெற்ற தயாரிப்பாளரிடம் பதிவுக்கு உரிய தாள்களோடு அடிச்சட்டத்தை வாங்குவதுதான் பாதுகாப்பான வழி.

'பதிவான சரக்கு டிரெய்லர் ஒன்று இருக்கிறது, அதன் மேல் கூடு கட்டிக்கொள்கிறேன்' என்கிறீர்களா? அது மாற்றம் என்ற கணக்கில் வரும். பிரிவு 52-இன்படி அதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரி 9 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு முதலில் ஓசூர் (டிஎன் 70) அல்லது கிருஷ்ணகிரி (டிஎன் 24) அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் கேளுங்கள். எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தாலும் அதே சட்டம்தான்.

இன்னொன்று. வண்டி ஓடும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது, குழந்தைகள் ஒருபோதும் கூடாது. அது நிறுத்திய இடத்தில் படுப்பதற்கான வண்டி.

ஃபைபர் என்று சொல்வது எதை?

கண்ணாடியை முடியைவிட மெல்லிய இழைகளாக இழுத்து, அதை ரெசின் (பிசின் போன்ற திரவம், கெட்டியானபின் மீண்டும் இளகாது) கொண்டு இறுக்கிய பொருள். கடையில் 'எஃப்.ஆர்.பி.' என்பார்கள். இழுவையைத் தாங்குவது இழை. வடிவத்தைக் காப்பதும் தண்ணீரைத் தடுப்பதும் ரெசின். பேருந்துக் கூண்டு கட்டும் பட்டறைகளில் முன்முகப்புக்கும் பின்முகப்புக்கும் இதையே போடுகிறார்கள். நம் கடற்கரையில் இன்று மீன்பிடிக்கப் போகும் ஃபைபர் படகும் இதேதான்.

தகரம் போதாதா? அலுமினியம்?

எடையைப் பாருங்கள். நான்கு அடி அகலம், எட்டு அடி நீளமுள்ள வண்டிக்கு முன்மூக்கிலிருந்து வளைவோடு அளந்தால், கூரைக்குச் சுமார் 4.5 சதுர மீட்டர் வேண்டும். 0.8 மி.மீ. இரும்புத் தகடு என்றால் அது 28 கிலோ. 2 மி.மீ. ஃபைபர் ஷீட் 13, 14 கிலோ. 1 மி.மீ. அலுமினியம் 12 கிலோ. எடையில் ஃபைபரும் அலுமினியமும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் அலுமினியம் ஒரு தேங்காய் விழுந்தாலே பள்ளமாகும், ஃபைபர் பெரும்பாலும் மீண்டுவிடும். இரும்பு துருப்பிடிக்கும், ஃபைபருக்கு அந்தக் கவலை இல்லை. அடிபட்டால் நீங்களே ஒட்டுப் போடலாம்.

ஷெட் மேல் போடும் வரிவரியான ஃபைபர் ஷீட்டையே வாங்கிப் போடலாமா?

வேண்டாம். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் பழைய ஷெட்களை அண்ணாந்து பாருங்கள். வெளிச்சத்துக்காகப் போட்ட ஷீட் மஞ்சளித்து, மேற்பரப்பில் இழைகள் வெளியே தெரியும். தொட்டால் கை அரிக்கும். வெயில் மேல் ரெசினைத் தின்றுவிட்டதன் அடையாளம் அது. இழை வெளியே வந்தால் அதன் வழியே ஈரம் உள்ளே இறங்கும்.

உங்களுக்கு வேண்டியது ஒரு பக்கம் ஜெல்கோட் (வெயிலையும் நீரையும் தாங்கும் நிறப்பூச்சு அடுக்கு) உள்ள, 1.5 முதல் 2 மி.மீ. கனத்தில் வழுவழுப்பான தட்டை ஷீட். வெள்ளை நிறமே எடுங்கள். ஓசூர் தொழிற்பேட்டையிலோ, எல்லைக்கு அந்தப் பக்கம் பொம்மசந்திரா, ஜிகணி பக்கமோ உள்ள எஃப்.ஆர்.பி. பட்டறைகளில் உங்கள் நீளத்துக்கே கேட்டுப் பாருங்கள். கூரை முழுக்க ஒரே துண்டாக இருக்க வேண்டும். நடுவில் இணைப்பு வந்தால் ஒழுகுவதற்கு ஓர் இடம் கூடுகிறது.

ரெடி ஷீட்டை ஒட்டுவதா, கண்ணாடி இழை மேட் போட்டு ரெசின் பூசுவதா?

இரண்டுமே வழிதான். ஷீட் ஒட்டுவது சுத்தமான வேலை, பளபளப்பும் கிடைக்கும். புகை, நாற்றம் குறைவு. முதல் முறை செய்பவருக்கு இதுதான் ஏற்றது. ஆனால் ஷீட் ஒரே திசையில்தான் வளையும். முன்மூக்கு மிகவும் சின்ன வட்டமாக இருந்தால் விரிசல் விடும். வாங்கும்போதே ஒரு வெட்டுத்துண்டு கேட்டு வாங்கி, உங்கள் மூக்கின் வளைவுக்கு ஒரு பலகையை வெட்டி, அதன் மேல் வளைத்துப் பாருங்கள். வெள்ளைக் கோடு தெரிந்தாலோ 'டிக்' என்று சத்தம் கேட்டாலோ அந்த வளைவை அந்த ஷீட் தாங்காது.

பூசும் முறையில் எந்த வளைவையும் மூடலாம். இணைப்பே இருக்காது. ஆனால் ரெசினைக் கையாளத் தெரிய வேண்டும், உடல்நலத்துக்கு ஆபத்து அதிகம். அதற்கு உரியதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் ஷீட்.

வரிசையாக ஸ்க்ரூ அடித்தால் போதாதா? எதற்குப் பசை?

ஃபைபர் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி விடியற்காலையில் கூரை 15 டிகிரியில் இருக்கும். அதே வண்டி மே மாத நடுப்பகலில் கிருஷ்ணகிரி வெயிலில் நின்றால் கூரைத் தகடு 55 டிகிரியைத் தொடலாம். 40 டிகிரி வித்தியாசத்தில் 3.6 மீட்டர் நீள ஃபைபர் ஷீட் ஏறக்குறைய 4 மி.மீ. நீளும். அடியில் இருக்கும் பிளைவுட்டோ 1 மி.மீ. கூட நீளாது.

இப்போது ஷீட்டை ஐம்பது ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் என்ன ஆகும்? நீள வேண்டிய ஷீட் நீள முடியாமல் ஸ்க்ரூவுக்கு ஸ்க்ரூ உப்பும். நாள்பட ஒவ்வொரு துளையைச் சுற்றியும் நட்சத்திரம் மாதிரி கீறல் விழும். அந்தக் கீறல்தான் தண்ணீருக்கு வாசல். ஆகவே கூரையின் நடுவில் ஒரு ஸ்க்ரூ கூட வேண்டாம். ரப்பர் போல இழுபடும் பசைதான் ஷீட்டைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும், நகரவும் விட வேண்டும்.

எந்தப் பசை?

பாலியூரித்தேன் அசெம்பிளி பசை (கெட்டியானபின்னும் இழுபடும் தன்மை உள்ள, பேருந்துக் கூண்டுகளில் ஷீட் ஒட்டப் பயன்படும் பசை). சுருக்கமாகப் 'பி.யூ.' என்று கேளுங்கள். 600 மில்லி சாசேஜ் பேக்காகக் கிடைக்கும். நாலரை சதுர மீட்டருக்கு நான்கு பேக் பிடிக்கும், ஐந்தாவது ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாதி வேலையில் பசை தீர்ந்தால் ஓடிப்போய் வாங்கி வர நேரம் இருக்காது.

'சன்மைக்கா ஒட்டும் ரப்பர் பசை மலிவாயிற்றே?' என்று தோன்றும். அது சூட்டில் இளகக் கூடியது, மெல்லிய படலமாகத்தான் நிற்கும். ஷீட் 2 மி.மீ. நகர வேண்டுமென்றால் பசைக்கு 3 மி.மீ. கனமாவது வேண்டும்.

சிலிக்கான்? கூரையை ஒட்ட வேண்டாம். அது பட்ட இடத்தில் பிறகு பெயின்டும் ஒட்டாது, வேறு பசையும் ஒட்டாது. புளித்த வாடை அடிக்கும் வகை உலோகத்தையும் அரிக்கும்.

அடியில் எந்தப் பிளைவுட்?

'ஐ.எஸ். 710' முத்திரை உள்ள மரைன் பிளைவுட் (கொதிநீரையும் தாங்கும் பசையால் ஒட்டிய பிளைவுட்). குறுக்குச் சட்டங்களுக்கு மேல் 4 அல்லது 6 மி.மீ. கனம் போதும். வளைவில் 4 மி.மீ. நன்றாகப் படியும்.

பிளைவுட் தண்ணீர் குடிப்பது பெரும்பாலும் வெட்டு ஓரத்தில்தான். ஆகவே எல்லா ஓரத்துக்கும், காற்று போக்கிக்காக வெட்டும் துவாரத்தின் உள்விளிம்புக்கும் இரண்டு கை எபாக்ஸி ரெசின் பூசுங்கள். கூரை எப்போதாவது கொஞ்சம் ஒழுகினாலும், இந்தப் பூச்சு வண்டியைப் பல மாதங்கள் காப்பாற்றும்.

ஒட்டும் நாள்: வரிசையாக என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஒத்திகை. ஷீட்டைப் பசை இல்லாமல் வைத்து, நாலு பக்கமும் ஓர் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். முன்மூக்கிலிருந்து பின்னால் வரை பெல்ட் போட்டு இழுத்துப் பாருங்கள். எங்கே தூக்குகிறது, எங்கே பிளைவுட்டின் ஸ்க்ரூ தலை முட்டுகிறது என்று இப்போதே தெரிந்துவிடும். மேடு பள்ளத்தை எபாக்ஸி பட்டி பார்த்துச் சமப்படுத்துங்கள்.

அடுத்தது ஷீட்டின் பின்பக்கம். 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் மினுமினுப்பு போகும் வரை தேயுங்கள். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய மெழுகு அங்கே ஒட்டியிருக்கலாம். அது இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. தேய்த்த தூசியைத் துடைத்து, அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரே திசையில் துடையுங்கள். துணி அழுக்காகாமல் வரும் வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். பசைக் கம்பெனி பிரைமர் (பசை பிடிப்பதற்கான முன்பூச்சு) போடச் சொல்லியிருந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

பசையை எப்படி வைப்பது? குழாய் நுனியை 'வி' மாதிரி வெட்டுங்கள். பிளைவுட் மேல், வண்டியின் அகலவாக்கில், நான்கு அங்குலத்துக்கு ஒரு கோடாக 10 மி.மீ. உயரத்தில் வையுங்கள். கோடுகளுக்கு நடுவே அங்கங்கே 3 மி.மீ. ரப்பர் துண்டுகளைப் போடுங்கள். அமுக்கும்போது பசை முழுவதும் பிதுங்கிப் போகாமல் அவை தடுக்கும்.

'முழுக்கப் பூசினால் இன்னும் பலமாக இருக்குமே?' என்று கேட்கலாம். இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தைக் கொண்டுதான் கெட்டியாகிறது, வெளியிலிருந்து உள்ளே நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில். முழுக்கப் பூசி மூடிவிட்டால் நடுப்பசை பல வாரம் பச்சையாகவே கிடக்கும். கோடுகளுக்கு இடையே உள்ள சந்து, பசைக்கு மூச்சு.

ஷீட்டைத் தூக்க நான்கு பேர் வேண்டும். முன்மூக்கின் அடி ஓரத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு, மெல்லப் பின்னால் உருட்டிக்கொண்டே போங்கள். பி.யூ. மேல் தோல் கட்ட ஏறக்குறைய அரை மணி நேரம்தான் ஆகும், வெயிலில் இன்னும் சீக்கிரம். ஆகவே காலை நேரத்தில் நிழலில் செய்யுங்கள். லாரியில் சரக்கு கட்டும் ராட்செட் பெல்ட்டை, அடியில் மரப்பட்டி வைத்து, ஒன்றரை அடிக்கு ஒன்றாக இறுக்குங்கள். வளைந்த ஷீட் நிமிர்ந்துகொள்ளத்தான் பார்க்கும். மூக்குப் பக்கப் பெல்ட்டை ஒரு வாரம் வரை அவிழ்க்க வேண்டாம்.

ஓரத்தை எப்படி முடிப்பது?

இதில்தான் உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டும். பசை இறுகியபின், ஷீட் பக்கச் சுவரைத் தாண்டி 6 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி ஓரத்தை வெட்டுங்கள். வடியும் நீர் சுவரில் ஒட்டாமல் சொட்டிப்போக இந்த நீட்டல் உதவும். அதன் அடியில் சுவரும் ஷீட்டும் சேரும் மூலையில் பி.யூ. இழுத்து, விரலால் வழித்துவிடுங்கள்.

மேலே முக்கால் அங்குல அலுமினியப் பட்டை ஒன்று ஓட வேண்டும். எல் ஆங்கிள் வளைவில் மடங்காது, தட்டைப் பட்டை அழகாகப் படியும். பட்டைக்கு அடியில் பியூட்டைல் டேப் (காயாத ரப்பர் மாவு போன்ற, நீரை மூடும் டேப்) ஒட்டுங்கள். எஸ்.எஸ். ஸ்க்ரூ ஐந்து அங்குலத்துக்கு ஒன்று போதும். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு ஷீட்டில் 6 மி.மீ. துளை போடுங்கள். அந்த இரண்டு மில்லிமீட்டர், ஷீட் நகர்வதற்காக. பட்டையின் ஓரத்தில் டேப் மெல்லிய கோடாகப் பிதுங்கியதும் இறுக்குவதை நிறுத்துங்கள். அதற்கு மேல் இறுக்கினால் டேப் முழுவதும் வெளியே வந்துவிடும், ஷீட்டும் கீறும்.

பின்கதவு இணைப்பு?

இந்த வடிவ வண்டிகளில் மிகவும் அதிகம் ஒழுகும் இடம் இதுதான். கூரை முடிந்து கதவு தொடங்கும் கோட்டில் மழைநீர் முழுவதும் வந்து சேரும். சாதாரண பியானோ கீல் வைத்தால் அதன் மூட்டு வழியே நீர் இறங்கும். ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போல மாட்டிக்கொள்ளும் நீள அலுமினியக் கீல் கிடைத்தால் அதைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் கீலின் மேல் முழு அகலத்துக்கும் ஈ.பி.டி.எம். ரப்பர் பட்டை ஒன்றைப் படரவிட்டு, அதன் மேல் ஓரத்தை மட்டும் அலுமினியப் பட்டையால் கூரையோடு பிடியுங்கள். கதவுக்கு அடியில், சுவர் ஓரமாக ஒரு சின்னக் கால்வாய் இருந்தால், தப்பி வரும் நீரும் வெளியே போய்விடும்.

காற்று போக்கிக்கு ஓட்டை போடலாமா?

போடலாம், போடவும் வேண்டும். மூடிய சின்ன அறையில் இருவர் தூங்கினால் காற்று மாற வழி தேவை. ஆனால் சதுரமாக வெட்டும்போது மூலைகளைக் கூராக விடாதீர்கள். விரிசல் கூர்மூலையில்தான் தொடங்கும். நான்கு மூலையிலும் முதலில் இரண்டு அங்குல ஹோல்சா போட்டு, பிறகு நடுவை வெட்டுங்கள். சட்டத்துக்கு அடியில் மறுபடியும் பியூட்டைல் டேப்.

கையால் பூசுகிற வழியைத் தேர்ந்தெடுத்தால்?

மேட் (வெட்டிய கண்ணாடி இழைகளை விரித்துச் செய்த துணி) 450 கிராம் வகையில் இரண்டு அடுக்கு போடுங்கள். மொத்தம் ஏறக்குறைய 2 மி.மீ. வரும். நாலரை சதுர மீட்டருக்கு மேட் 4 கிலோ, ரெசின் 10 கிலோ என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடுக்கையும் வரிகளுள்ள இரும்பு ரோலரால் உருட்டிக் குமிழை வெளியேற்ற வேண்டும். குமிழி நின்ற இடம் பின்னால் உரியும்.

பாலியெஸ்டர் ரெசின் மலிவு, ஆனால் பிளைவுட்டில் அதன் பிடிப்பு சுமார்தான். எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும், விலை அதிகம். எபாக்ஸி எடுத்தால் மேட்டுக்குப் பதில் நெய்த கண்ணாடித் துணி வாங்குங்கள். மேட் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஒட்டு, பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்ஸியில் கரையாது, மேட் விறைத்துக்கொண்டு நிற்கும்.

பாலியெஸ்டருக்கு ஹார்டனர் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) எவ்வளவு? கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். குளிர் நாளில் சற்றுக் கூட்டலாம், இந்த எல்லையைத் தாண்ட வேண்டாம். ஒரே தடவையில் அரைக் கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். டப்பாவிலேயே சூடேறிப் புகையும். கடைசிப் பூச்சில் மெழுகு கலந்த ரெசின் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் மேற்பரப்பு பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

இதில் உயிருக்கு ஆபத்து எது?

ஹார்டனரையும் கோபால்டையும் (ரெசினை வேகமாக இறுகச் செய்யும் ஊதா நிறத் திரவம்) ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள். வெடிக்கும், தீப்பிடிக்கும். கோபால்ட் ஏற்கெனவே சேர்த்த ரெசினை வாங்கிவிட்டால் இந்த ஆபத்தே இல்லை. ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வை போகலாம். மூடிய கண்ணாடி இல்லாமல் பாட்டிலைத் திறக்க வேண்டாம். பட்டுவிட்டால் உடனே சுத்தமான தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

துணி மாஸ்க் ரெசின் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். வேலை திறந்த வெளியில் நடக்கட்டும், பக்கத்தில் பீடி, வெல்டிங், அடுப்பு எதுவும் கூடாது. ஷீட்டோ மேட்டோ, கிரைண்டர் வைத்து வெட்டும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, தூசி மாஸ்க் மூன்றும் வேண்டும். கண்ணாடித் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது.

உள்ளே சூடு குறைய என்ன செய்வது?

வெள்ளை நிறம் பாதி வேலையைச் செய்துவிடும். மீதிக்குப் பிளைவுட்டின் உள்பக்கம் ஓர் அங்குலத் தெர்மாகோல் அல்லது பி.யூ. ஃபோம் வைக்கலாம். தெர்மாகோலின் மேல் பாலியெஸ்டர் ரெசினோ அசிட்டோனோ பட்டால் அது கரைந்து குழியாகிவிடும். அதனால் ஃபைபர் வேலை எல்லாம் முடிந்து, வாடை போனபிறகுதான் தெர்மாகோலை உள்ளே கொண்டுவர வேண்டும்.

எந்த மாதத்தில் செய்வது?

ஓசூரில் செப்டம்பர், அக்டோபர் மழை வலுவாக இருக்கும். அப்போது பிளைவுட் ஈரம் இழுத்திருக்கும், அதன் மேல் ஒட்டியது நிற்காது. ஜனவரி முடிவிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். காலைப் பனி காய்ந்தபின் தொடங்கி, உச்சி வெயிலுக்கு முன் ஷீட்டைப் படுக்க வைத்துவிடுங்கள்.

ஒழுகவில்லை என்று எப்படி உறுதி செய்வது?

ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் ஹோஸ் பைப்பை முதலில் கீழ் ஓரத்தில் பத்து நிமிடம் பிடிக்கட்டும். பிறகு கொஞ்சம் மேலே, பிறகு இன்னும் மேலே. எடுத்த எடுப்பில் மேலிருந்து ஊற்றினால் நீர் எல்லா இணைப்புக்கும் ஒரே நேரத்தில் போகும். எது ஒழுகுகிறது என்று தெரியாது. இந்தச் சோதனையை உள் தெர்மாகோல் மூடுவதற்கு முன்பே செய்யுங்கள். பதிவான வண்டியை ஒருமுறை சூளகிரி வரை ஓட்டிப் போய் வந்து, குலுங்கியபின் மறுபடி செய்யுங்கள்.

பிறகு பராமரிப்பு?

வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன், அலுமினியப் பட்டையின் ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். டேப் காய்ந்து இடைவெளி தெரிந்தால் பட்டையைக் கழற்றிப் புது டேப் போடுங்கள். மேலே சிலிக்கான் பூசி மூடுவது தண்ணீரை உள்ளேயே பூட்டி வைக்கும். ஜெல்கோட் மங்கினால் மெழுகு பாலிஷ் போடுங்கள். கீறல் விழுந்தால் அதன் இரு நுனியிலும் 3 மி.மீ. துளை போட்டு நிறுத்தி, சுற்றிலும் தேய்த்து, மேட் துண்டு வைத்து ரெசின் பூசிவிடுங்கள்.

நல்ல ஷீட்டைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். நல்ல ஓரத்தைக் கடையில் வாங்க முடியாது, பொறுமையாக உட்கார்ந்து நீங்களேதான் செய்ய வேண்டும். ஷீட்டில் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க நினைத்தால் பிடியுங்கள். பசையிலும் டேப்பிலும் ஒரு ரூபாய் கூட மிச்சம் பிடிக்காதீர்கள். தேய்ப்பதையும் துடைப்பதையும் ஆளை வைத்து அவசரமாக முடிக்காமல் நீங்களே செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில், நாளைக் காலையே வரைபடத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.